அடிக்குறிப்பு இல்லாத பெண்

திருமறைப் பின்னணிக் கழகத்தின் பெரிய கூடத்துக்குள் ஒரு வீடு இருந்தது. வீட்டுக்குள் கூடம் இருப்பது உலக வழக்கம். கழகத்துக்கு உலக வழக்கம் என்றாலே ஆகாது. பைபிள் கதைகள் நடந்த தேசத்தில் மண்மூடிக் கிடந்த ஒரு கல்வீட்டை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, குளிரூட்டிய கூடத்துக்குள் மறுபடி அடுக்கியிருந்தார்கள். ஒரே அறை. ஓரத்தில் ஆடு மாடு கட்டும் பள்ளம், கல்லில் குடைந்த தீவனத் தொட்டி, ஒரு விளக்குத் தண்டு, ஒரு திரிகை. தரைக்கல்லுக்குக் கீழே ஒன்றரைச் சாண் மணல். மணலுக்குக் கீழே கான்கிரீட்.

வீடு இருந்தால் அதில் ஆள் இருக்க வேண்டும் அல்லவா? "முதல் நூற்றாண்டுத் தச்சர் தேவை, முன்னனுபவம் விரும்பத்தக்கது" என்று விளம்பரம் வந்தது. பிளாஸ்டிக் கதவுகள் வந்து பிழைப்பில் மண்ணைப் போட்டிருந்த தச்சர் ஒருவர் விண்ணப்பித்தார். வேலை கிடைத்தது. காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை கம்பளி அங்கி மாட்டிக்கொண்டு முதல் நூற்றாண்டில் இருக்க வேண்டும். ஒரு மணி முதல் இரண்டு மணி வரை சாப்பாட்டு இடைவேளை. அந்த ஒரு மணி நேரம் மட்டும் சொந்த நூற்றாண்டுக்கு வந்துபோகலாம்.

வேலை சுலபம் என்று நினைத்தார். வீட்டுக்குள் அவர் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் நூலாதாரம் வேண்டும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. உளியைப் பிடிப்பதற்கு அடிக்குறிப்பு எண் ஏழு. வாசலில் உட்காருவதற்கு எண் இருபத்திரண்டு. இதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்கென்றே அடிக்குறிப்பு அதிகாரி என்று ஒருவர், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் தச்சர் தும்மிவிட்டார்.

"தும்மலுக்கு ஆதாரம் இருக்காப்பா?" என்றார் அதிகாரி.

"தெரியலைங்க. மூக்கு அரிச்சுது, தும்மிட்டேன்."

அதிகாரி பேரேட்டைப் புரட்டினார். "ஏழு தடவை தும்மினா இருக்கு. செத்துப்போன ஒரு புள்ள தீர்க்கதரிசி தொட்டதும் ஏழு தரம் தும்மி எழுந்துக்குது. ஒரு தடவை தும்மினதா எங்கேயும் இல்ல. இனிமே தும்மறதா இருந்தா ஏழா தும்முங்க."

கழகத்தின் இயக்குநர் பெரிய மனிதர். பின்னணியைப் பற்றி ஆறு தொகுதிகள் எழுதியவர். பார்வையாளர்களை மனம் நோகவைப்பதற்காகவே வாரம் இருமுறை மாடியிலிருந்து இறங்கி வருவார். கிறிஸ்துமஸ் குடிலில் வரும் மாட்டுக்கொட்டகை எங்கே, நட்சத்திரம் எங்கே என்று யாராவது ஆசையாகக் கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். "கொட்டகையே கிடையாதும்மா. மாடு வீட்டுக்குள்ளதான் இருந்துச்சு. தொட்டி கல்லு. நீங்க சின்ன வயசிலேர்ந்து நினைச்சுட்டிருந்தது எல்லாமே தப்பு" என்பார். அந்த அம்மாள் கண் கலங்கிப் போவதைப் பார்த்து, "வந்த காரியம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு மாடியேறுவார்.

நான்காவது மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்தக் காலத்துத் தச்சர்கள் மரத்தைவிடக் கல்லிலேயே அதிகம் வேலை செய்தார்கள் என்று இயக்குநர் முடிவுக்கு வந்துவிட்டதால், வரும் செவ்வாய் முதல் தச்சர் கல்தச்சராக இருக்க வேண்டும். இருபத்தெட்டு வருடம் மரத்தோடு பழகிய மனிதரிடமிருந்து இழைப்புளியைப் பிடுங்கிக்கொண்டு கடப்பாரையும் கல்லுளியும் கொடுத்தார்கள். தச்சர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவது அவர் சுபாவம்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவள் வந்தாள்.

சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பியபோது திரிகைக்குப் பக்கத்தில் ஒரு பெண் குந்தியிருந்தாள். புதிதாக வேலைக்கு வைத்திருப்பார்கள் என்று தச்சர் நினைத்தார். முப்பது வயதுகூட இருக்காது. வெளுத்துப்போன பச்சை நிறத்தில் ஒட்டுப்போட்ட துணி. இடது கையில் இரண்டு விரல்கள் தீயில் வெந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பாயை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தரைக்கற்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். நகத்தால் இடுக்கைச் சுரண்டினாள். பிறகு காதைக் கல்லோடு வைத்துப் படுத்து மூச்சு விடாமல் கேட்டாள். அறையில் நனைந்த கம்பளி வாடை அடித்தது. "என்னம்மா தேடறீங்க?" என்று கேட்டார். அவள் நிமிரவில்லை. எழுந்து வாசல் பக்கம் போனாள். குறுக்கே கட்டியிருந்த கயிறு அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. அவள் அதைத் தூக்கவில்லை, குனியவும் இல்லை. கயிறு ஆடவும் இல்லை.

தச்சர் தீவனத் தொட்டிப் பக்கமாகப் பின்வாங்கினார். மறுநாள் இரண்டு மணிக்கும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். வெளிச்சத்தில் வந்தாள், கூட்டத்தின் நடுவே வந்தாள். எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாள். பார்வையாளர்கள் அவளைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அந்தச் சுரண்டும் சத்தம் மட்டும் தச்சரோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது. குழாயடியில் கை கழுவும்போது கேட்டது. தலையணையில் காதை வைத்தால் கேட்டது. பயத்தைவிடப் பெரியதாக ஏதோ ஒரு பாரம் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. பெயர் சொல்லத் தெரியவில்லை.

நான்காம் நாள் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தார். கழகம் உடனே செயல்பட்டது. அடிக்குறிப்பு அதிகாரி பக்கத்தில் போய் நின்று அவளைத் தலை முதல் கால் வரை குறித்துக்கொண்டார். இயக்குநரே இறங்கி வந்து அவளுக்கு முன்னால் நின்று அராமிய மொழியில் முகமன் கூறினார். அவள் தரையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பதிலே வரல பாருங்க," என்றார் இயக்குநர். "என் உச்சரிப்பை மூணு பல்கலைக்கழகம் பாராட்டியிருக்கு. இவளுக்குப் புரியலைன்னா, இவ அந்த ஊர்க்காரியா இருக்க வாய்ப்பே இல்ல."

"அந்த அம்மா உசுரோட இருக்கிற ஆளே இல்லைங்க," என்றார் தச்சர்.

"அது வேற பிரிவு."

இரண்டு நாளில் முடிவு தட்டச்சாகி வந்தது. ஏழை வீட்டுப் பெண் சாயம் போட்ட துணி உடுத்தியதாகத் தொகுதிகளில் இல்லை. இடது கையைப் பயன்படுத்துவதற்கு ஆதாரம் இல்லை. "மேற்படி பெண் இறந்தவர் என்பதைக் கழகம் மறுக்கவில்லை. முதல் நூற்றாண்டில்தான் இறந்தார் என்பதற்குப் போதிய சான்று இல்லை. எனவே பார்வை நேரத்தில் வீட்டுக்குள் இருக்க அவருக்கு அனுமதி இல்லை." உத்தரவின் நகலைச் சுவரில் ஒட்டினார்கள். அவள் உத்தரவுக்குக் கீழேயே உட்கார்ந்து தேடினாள்.

அப்போது உபகுழு ஒன்று கூடி வேறொரு குறையைக் கண்டுபிடித்தது. திரிகைக்கு முன்னால் எப்போதும் இரண்டு பெண்கள் உட்கார்ந்து அரைத்ததாகத்தான் வேதத்தில் வருகிறது. ஒரே பெண் இருந்தால் பார்வையாளருக்குத் தவறான கருத்துப் போய்ச்சேரும். அவளை வெளியேற்ற முடியாத நிலையில், இன்னொருத்தியைச் சேர்ப்பது ஒன்றே வழி. தச்சர் மனைவியைத் தற்காலிகமாக நியமித்தார்கள்.

தச்சர் மனைவி இரண்டு வருடமாக யாரோடும் அதிகம் பேசாதவள். ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்து, அழாமலே போய்விட்டது. அதற்குப் பிறகு வீட்டில் சமையல் நடந்தது, துணி காய்ந்தது, பேச்சு மட்டும் நின்றுபோனது. அங்கியை மாட்டிக்கொண்டு திரிகையின் ஒரு பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கு எதிர்ப்பக்கம் அந்தப் பெண் வந்தாள். தச்சர் மனைவி திரிகையை நிறுத்திவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழகத்தின் ஒன்பது அறிஞர்களுக்குப் புலப்படாத விஷயம் அவளுக்குக் கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "இவ புள்ளையத் தேடறா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"மயக்கம் தெளிஞ்சதும் நானும் இப்படித்தான் கட்டில்ல மெத்தைக்கடியில எல்லாம் தடவித் தடவிப் பாத்தேன். நர்ஸம்மா வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

இரண்டு வருடத்தில் அவள் அந்த நாளைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. அந்த நேரத்தில் அவர் வராந்தாவில் நின்று, "ஆட்சேபணை இல்லை, நிர்வாகமே அடக்கம் செய்துகொள்ளலாம்" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை தச்சர் கழகத்தின் கிடங்குக்குப் போய், அந்தத் தரைக்கற்களுக்கு அடியில் ஏதாவது கிடைத்ததா என்று விசாரித்தார். கிடங்குக்காரர் நல்ல மனிதர், பதிவேட்டில் இருப்பதை மட்டும் நம்புகிறவர். புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

"திரிகை ஓரம் நாப்பத்தொண்ணாம் நம்பர் கல்லு. அங்க பேத்தெடுக்கறப்ப அதுக்கடியில ஒரு சின்ன சமையல் பானை இருந்திருக்கு. மூடி போட்டு மண்ணு பூசி அடைச்சிருக்கு. உள்ள எலும்பு, ஒரு கைப்பிடி. எல்லாம் தீக்குச்சி தண்டிதான்."

"இப்ப எங்கண்ணே இருக்கு?"

"இங்கதான். வெள்ளிக்கிழமை சோதனைக்குப் போகுது. காலம் கண்டுபிடிக்கணுமாம். பொடி பண்ணித்தான் பாப்பாங்க. இருக்கிறதே கொஞ்சம், அத்தனையும் வேணும்னு எழுதியிருக்காங்க."

அன்று புதன்கிழமை. மறுநாள் காலையிலேயே புருஷனும் பெண்டாட்டியும் இயக்குநர் அறையில் போய் நின்றார்கள். அவர் உட்காரச் சொன்னார். மேசையில் ஆறு தொகுதிகளும் சுவர் மாதிரி நின்றன.

"உங்க உணர்ச்சி எனக்குப் புரியுதும்மா," என்றார். "ஆனா பின்னணின்னா என்ன? ஒரு சமுதாயம் எதைச் செய்யும், எதைச் செய்யாதுங்கிறது. அந்த சனங்களுக்குப் பிணத்தைத் தொட்டா ஏழு நாள் தீட்டு. பிணம் கிடக்கிற வீடு தீட்டு, அங்க தெறந்து கிடக்கிற பாத்திரம் தீட்டு. அப்படிப்பட்டவங்க அடுப்படியிலேயே புள்ளையைப் புதைப்பாங்களா? நாலாந்தொகுதியில முந்நூறு பக்கம் எழுதியிருக்கேன். புதைக்க மாட்டாங்க. அதனால புதைக்கல. அது கோழி எலும்பு. வீட்டுக் கழிவு."

"எல்லாரும் புதைக்க மாட்டாங்க சார்," என்றாள் தச்சர் மனைவி. "இவ புதைச்சிருக்கா. வெளிய கொண்டுபோய் விட மனசு வரல. யாருக்கும் தெரியாம பக்கத்திலயே வெச்சுக்கிட்டிருக்கா."

"ஒருத்தி செஞ்சா அது பின்னணி ஆகாதும்மா. அது சம்பவம். கழகம் சம்பவங்களைக் கணக்கில எடுத்துக்கறதில்ல. எடுத்துக்க ஆரம்பிச்சா ஆறு தொகுதியும் என்னத்துக்கு ஆகும்?"

"தெறந்த பாத்திரம்தானே தீட்டுன்னீங்க. அவ மூடி போட்டு மண்ணு பூசியில்ல வெச்சிருக்கா. அவளால முடிஞ்ச வரைக்கும் சட்டத்துக்குப் பயந்துதான் இருந்திருக்கா சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல வார்த்தை ஏதோ வரப்போகிறது என்று தச்சர் நம்பினார்.

"மூடின பாத்திரம் அஞ்சாந்தொகுதியில வருது," என்றார் இயக்குநர். "நீங்க போகலாம்."

வெளியே வந்ததும் தச்சர் நேராகக் கிடங்குக்கு நடந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, நீட்டப்படாத ஒரு படிவத்தை அவரே கேட்டு வாங்கினார். பார்வை நேரத்தில் வீட்டுக்குத் தேவையான பாத்திரங்களைக் கிடங்கிலிருந்து இரவல் பெறும் படிவம் அது. "சமையல் பானை, ஒன்று, ஐந்து மணிக்குள் திருப்பப்படும்" என்று எழுதினார். கிடங்குக்காரர் பானையை எடைபோட்டுக் குறித்துக்கொண்டு கொடுத்தார். அதற்குள் தச்சர் மனைவி உணவகத்துச் சமையலறையில் சூப்பு வைத்து ஒதுக்கியிருந்த கோழி எலும்புகளைக் கேட்டு வாங்கி, கழுவித் துடைத்து, கரியில் புரட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். மேலே கழகத்தின் கம்பளி அங்கி, உள்ளே அவளுடைய சொந்தப் புடவை.

இரண்டு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். கயிற்றுக்கு அப்பால் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் சுற்றுலாக்குழு நின்றிருந்தது. தச்சர் கடப்பாரையை எடுத்து நாற்பத்தோராம் கல்லின் இடுக்கில் செருகி நெம்பினார். கல்தச்சர் கல்லைப் பெயர்ப்பதை யார் தடுக்க முடியும்? அடிக்குறிப்பு அதிகாரி எண் ஐம்பத்தாறு என்று குறித்துக்கொண்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டார். கல் புரண்டது. தச்சர் மணலை இரண்டு கையாலும் அள்ளிக் குழி பறித்தார்.

பானையின் மூடியைத் தச்சர் மனைவிதான் திறந்தாள். உள்ளே இருந்த எலும்புகளைத் தன் புடவைத் தலைப்பின் இன்னொரு மூலையில் கொட்டி, அந்த மூலையைக் கிழித்துச் சுருட்டினாள். உள்ளங்கையில் அடங்கியது. கனமே இல்லை. தச்சர் அதை வாங்கிக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தார். எதிரே அந்தப் பெண் சுரண்டுவதை நிறுத்திவிட்டு முதன்முறையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை. பிள்ளையைப் பிறத்தியார் கையில் கொடுத்துவிட்டு நிற்கிற தாய் பார்க்கிற பார்வைதான் அது, கீழே போட்டுவிடாதே என்கிற பார்வை. அவர் இரண்டு கையாலும் ஏந்தி மணலில் வைத்தார். தச்சர் மனைவி மணலைத் தள்ளி மூடினாள். அழுதுகொண்டேதான் மூடினாள்.

"இது எந்த அடிக்குறிப்பும்மா?" என்று ஓர் ஆசிரியர் நோட்டுப்புத்தகத்தோடு கேட்டார்.

"நூத்திப் பதினாலு," என்றாள் அவள், கண்ணைத் துடைக்காமல். ஆசிரியர்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அவள் முந்தானையில் முடிந்திருந்த கோழி எலும்புகளைப் பானையில் போட்டு மூடினாள். கல்லைத் திரும்பப் பதித்தபோது எதிரே யாரும் இல்லை. நனைந்த கம்பளி வாடை மட்டும் கொஞ்ச நேரம் நின்று கலைந்தது.

கிடங்குக்காரர் ஐந்து மணிக்குப் பானையை எடைபோட்டார். போனதைவிட இரண்டு கிராம் கூடுதலாக வந்திருந்தது. தச்சர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "ஈரப்பதம்" என்று பதிவேட்டில் எழுதி மூடிவிட்டார்.

மூன்று வாரத்தில் சோதனை முடிவு வந்தது. கூடத்தில் விழா எடுத்தார்கள். இயக்குநர் மேடையேறிப் பேசினார்:

"நண்பர்களே, ஆய்வுக்கூடம் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறது. ஒன்று, இது கோழி எலும்பு. இரண்டு, இந்தக் கோழி சென்ற ஆண்டுவரை உயிரோடு இருந்தது. முதல் முடிவு எமது நாலாந்தொகுதியோடு முற்றிலும் பொருந்துவதால் கழகம் அதை ஏற்கிறது. இரண்டாவது முடிவு பொருந்தாததால் ஆய்வுக்கூடத்தின் கவனக்குறைவு என்று தள்ளுகிறது. நாம் உண்மையைத் தேடவில்லை. உண்மை எப்படி இருக்க வேண்டும் என்று முன்பே கண்டுபிடித்துவிட்டோம். அதற்குத்தான் சான்று தேடுகிறோம்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவில்லை. தச்சர் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தார். விழாவுக்கு மறுநாள் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது சுரண்டும் சத்தம் கேட்டது. பாய் ஒதுக்கிக் கிடந்தது. தச்சர் மனைவி தரையில் படுத்துக் காதைக் கல்லோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கயிற்றுக்கு அப்பாலிருந்து அடிக்குறிப்பு அதிகாரி முகமெல்லாம் பல்லாகக் கத்தினார். "பிரமாதம்மா! அந்தக் காலத்துப் பொம்பளைங்க தரையில ஈரம் இருக்கான்னு இப்படித்தான் பாத்திருக்கணும். ரெண்டாந்தொகுதிக்கு அப்படியே பொருந்துது. எண் நூத்து முப்பத்தொண்ணு போட்டுக்கறேன். தெனம் ரெண்டு மணிக்கு இதையே செய்யுங்க."

தச்சர் அவள் பக்கத்தில் குந்தினார். அவள் எழுந்திருக்காமலே கேட்டாள்.

"அவ புள்ள இருக்கிற எடம் எனக்குத் தெரியுது. நம்ம புள்ளைய எங்கங்க வெச்சாங்க?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் இரண்டு வருடமாக வாயைத் திறக்காமல் இருந்தார். இப்போது ஓட இடமில்லை.

"தெரியாது," என்றார். "கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். எங்கன்னு நான் கேக்கல."

அவள் திட்டவில்லை, அழவில்லை. அப்படியே கிடந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. கொஞ்ச நேரம் கழித்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"வா. போய்க் கேப்போம்."

"எழுதி வெச்சிருக்க மாட்டாங்க. பதிவு இல்லைன்னு சொல்வாங்க."

"சொல்லட்டும். நாளைக்கும் போய் நிப்போம்."

கயிற்றைத் தாண்டினார்கள். பார்வை நேரம் முடியவில்லை, முதல் நூற்றாண்டை விட்டு வெளியேற ஆதாரம் வேண்டும் என்று அதிகாரி பின்னால் ஓடிவந்து கத்தியது காதில் விழவே இல்லை. அங்கியைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறி, ஆஸ்பத்திரியின் பதிவறைச் சன்னல் முன்னால் போய் நின்றார்கள். எழுத்தர் அடையாளச் சீட்டு கேட்டார். பெயர் வைக்காத குழந்தைக்கு ஏது சீட்டு? அப்படியானால் அப்படியொரு குழந்தை பிறக்கவே இல்லை என்றார் எழுத்தர், மரியாதையாகத்தான்.

மறுநாள் மதியம் சன்னல் திறக்கும்போது இரண்டு பேரும் அங்கே நின்றார்கள். அதற்கு மறுநாளும் நின்றார்கள். எழுத்தர் இடமாற்றம் கேட்டு வாங்கிப் போய்விட்டார், ராத்திரியில் தூக்கம் வரவில்லையாம். புதிதாக வந்தவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, உடம்பு சில்லிடுகிறது என்கிறார். அவர்கள் சத்தம் போடுவதில்லை. எங்கே என்று ஒரு தடவை கேட்கிறார்கள், பிறகு நின்றுகொண்டே இருக்கிறார்கள்.